புது ஹெட்டும் பழைய வால்வு எட்டும்

மொடக்குப்பட்டிக்காரர்களைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள். அவர்களிடம் இருக்கிற தொந்தரவும் அது ஒன்றுதான்.

அந்த ஊர் மாரப்பனுக்கு முப்பத்தெட்டு வயசு. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் பாவாத்தாள் என்ற பெண் அமைந்தாள். பெண்ணின் அப்பா பெரியதம்பி கறாரான ஆள். "மாப்பிள்ளைக்குச் சொந்தமா வேன் இருக்குதுன்னுதான் பொண்ணைக் குடுக்கறேன். வெள்ளிக்கிழமை ஒம்பது மணிக்கு முகூர்த்தம். அந்த வேனோட வந்து எறங்கோணும். வேன் வரலீன்னா கல்யாணம் இல்லே" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, வேன் எஞ்சினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டது.

மாரப்பனும், தாய்மாமன் குப்பண்ணனும், பம்புசெட் பிரித்துப் பழக்கமுள்ள வையாபுரியும், சென்னியப்பனும், அவன் தம்பி நாச்சிமுத்துவும் டவுனுக்கு ஓடினார்கள். மெக்கானிக் அந்தோணி இடுப்புப் பிடித்துக் கட்டிலில் கிடந்தார். படுத்தபடியே கடைப் பையனிடம் ஒரு புது ஹெட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

"இது வெறும் ஹெட்டு. எஞ்சின் மூச்சு விடற வால்வு எட்டும் பழைய ஹெட்டுக்குள்ள இருக்குது. அதையே தேச்சுப் போடறதா, புதுசு வாங்கறதான்னு நாலு பேரு உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார்.

வந்ததோ ஐந்து பேர். வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். எப்படி எண்ணினாலும் ஒரு ஆள் கூடுதல்.

"ஒருத்தன் யோசிக்காம இருக்கோணும்" என்றார் குப்பண்ணன். "மாரப்பா, நீ இரு. கல்யாணம் ஆகப்போறவன். யோசிக்காம இருந்து இப்பவே பழகிக்க."

மாரப்பன் கைகட்டி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில், "மாமா, ஒரு யோசனை வர்ற மாதிரி இருக்குதுங்க" என்றான்.

"அடக்குடா!"

பாவம், அடக்கிக்கொண்டான். எல்லாரும் ஊர் திரும்பியதும், மற்ற நாலு பேரும் வேனைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"புது ஹெட்டுக்குப் பழைய வால்வைப் போட்டா அதுக்கு மனசு சங்கடமா இருக்காதுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"புது வால்வுக்கு நம்மூரு ரோடு தெரியுமாடா?" என்றான் வையாபுரி. "பழசுன்னா எந்தக் குழி எங்க இருக்குதுன்னு அத்துப்படி."

பழசையே தேய்ப்பது என்று முடிவாயிற்று. அந்தோணிக்குப் போன் போட்டார்கள்.

"சந்தோசம். தேச்சு முடிச்சதும் மண்ணெண்ணெய் ஊத்திப் பாருங்க, ஒழுகக் கூடாது. முக்கியமா ஒண்ணு. எந்த வால்வு எங்க இருந்துச்சோ அங்கயேதான் வைக்கோணும். மாத்தி வெச்சா வண்டி கெட்டுப்போயிரும்" என்றார் அவர்.

நம்பர் போட்டு எட்டையும் கழற்றினார்கள். பித்தளைக் குடம் விளக்குவது மாதிரி புளியும் சாம்பலும் போட்டு ரெண்டு நாள் தேய்த்தார்கள். கோயில் விளக்குக்குக்கூட அப்படி ஒரு பளபளப்பு கிடையாது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒழுகியது. நாச்சிமுத்து, "ஊத்தாமப் பாக்கலாங்களா?" என்றான். ஊற்றாமல் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லாருக்கும் உசிர் வந்தது.

"இப்ப எந்த வால்வு எங்க இருந்துச்சோ அங்கயே வைக்கோணும்" என்றார் குப்பண்ணன். "எங்கடா இருந்துச்சு?"

"பழைய ஹெட்டுலீங்க."

"அப்ப அங்கயே வை."

எட்டையும் நம்பர் பிசகாமல் பழைய ஹெட்டில் வைத்தார்கள். புது ஹெட்டை வெறுமனே எஞ்சின் மேல் மாட்டி, மூச்சைப் பிடித்து முடுக்கினார்கள். மாரப்பன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, உள்ளே எட்டு ஓட்டை சும்மா இருக்குதுங்களே..."

"யோசிக்கிறியா?"

"இல்லீங்க மாமா, பாத்தேன்."

"பாக்கறதுதான்டா யோசனையில கொண்டுபோய் விடும்!"

வெள்ளிக்கிழமை விடிந்தது. பழைய ஹெட்டுக்குச் சந்தனம் வைத்து முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். வால்வும் வண்டியோடு வர வேண்டுமல்லவா? சொந்தபந்தம் இருபது பேர் ஏறினார்கள். மாரப்பன் மாலையோடு ஸ்டியரிங் பிடித்துச் சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் பட்டு மாதிரி சுற்றியது. உறுமல் இல்லை, புகை இல்லை, குலுக்கல் இல்லை.

"ஆகா, இதல்லவா ஹெட்டு!" என்று குப்பண்ணன் கண்ணை மூடினார். எல்லாரும் சுகமாகச் சாய்ந்தார்கள். அரை மணி நேரம் போயிற்று.

"மாமா, பஞ்சாயத்து டேங்க் இன்னும் பக்கத்துலயே இருக்குதுங்க" என்றான் மாரப்பன்.

குப்பண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். டேங்க் இருந்தது. மணி ஆறரை. பெண் ஊர் ஆறு மைல். மாரப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வேன் போகலீன்னா எனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் கெடையாது மாமா!"

"வேன் வந்து சேரோணும்னுதானே சொன்னாரு? தள்ளுங்கடா!"

மொய் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தனை பேரும் தள்ளினார்கள். தள்ளிக் களைத்தவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள், உட்கார்ந்து களைத்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேன் பெண் வீட்டுப் பந்தலுக்குள் பூனை மாதிரி நுழைந்தது.

பெரியதம்பி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது. குனிந்து மோந்து பார்த்தார்.

"மாப்பிள்ளே, எத்தனை டீசல் குடிச்சுது?"

"ஒரு சொட்டு இல்லீங்க மாமா."

பெரியதம்பி அப்படியே அவனைக் கட்டிக்கொண்டார். "கெட்டி மேளம்!" என்று கத்தினார்.

தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் பெரியதம்பி குப்பண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு கேட்டார்: "சம்பந்தி, எங்க டிராக்டரு ஓயாமக் கத்துது, டீசலைக் குடிச்சுத் தீக்குது. என்ன வைத்தியம் பண்ணுனீங்க?"

"வால்வை வெளியே வெச்சுட்டோமுங்க."

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்குப் பெண் வீட்டார் முப்பது பேர் டிராக்டரில் வந்தார்கள். சத்தமே இல்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, வேர்வை சொட்டச் சொட்ட மாரப்பன் வீட்டுப் பந்தலில் நிறுத்தினார்கள். பெரியதம்பி மட்டும் டிராக்டர் மேலே கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளே, வண்டி அருமை!" என்றார். "மேட்டுலதான் கொஞ்சம் இழுக்க மாட்டேங்குது. மிச்சமிருக்கிற எஞ்சினையும் கழட்டிப் போட்டுரலாமா?"