கேரவனுக்கு ஒரு சாமந்தி மாலை

பனியன் கம்பெனி முதலாளி செங்கோடப்பன், கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள கேரவன் வண்டி வாங்கிக் கம்பெனி வாசலில் நிறுத்தினார். முதல் வாரமே பூட்டை உடைத்து டிவியைத் தூக்கிப் போய்விட்டார்கள். அலாரம் மாட்டினார். அடுத்த வாரம் அலாரத்தையே காணவில்லை.

"ரெண்டு நாள் வெளியூர் போறேன். ஒரு ஸ்பூன் குறைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது" என்று டிரைவர் ராக்கியப்பனிடம் உறுமிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தால், வண்டியின் நெற்றியில் சாமந்தி மாலை. கண்ணாடியில் 'அமரர் ஊர்தி' என்று ஒரு அட்டை.

"ஒருத்தனும் கிட்ட வரலீங்க. உள்ளே யாருன்னு மட்டும் தூர நின்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேனுங்க."

முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாராச்சும் அழுதாங்களா?"

ராக்கியப்பன் தலையைச் சொறிந்தான்.

"ஸ்பூனெல்லாம் சரியா இருக்குதுங்க."