மலையிலிருந்து இறங்கிய நிலம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குருவுக்கு வயது குறைவு, சீடர் சீரங்கருக்குத் தலை நரைத்துவிட்டது. மூத்தவர் என்பதால் திட்டும்போதுகூட குரு அவரை "சீரங்கரே" என்றுதான் கூப்பிடுவார். திட்டுக்கு ஒன்றும் குறைவில்லை.

சீரங்கர் மலைமேல் சாமை விதைத்துப் பிழைத்தவர். போன வருஷத்துப் பெருமழையில் சரிவு பெயர்ந்து அவர் நிலம் முழுவதும் ஆற்றோடு போய்விட்டது. மிஞ்சியது வெறும் பாறை. அதில் எதை விதைப்பது? மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்தால் நிலம்தான் முன்னால் வந்து நின்றது.

ஒருநாள் கேட்டே விட்டார்.

"சாமி, என் நெலம் எங்க போச்சு?"

"ஆத்தோட போச்சு."

"அது எனக்கும் தெரியுமுங்க. இப்ப எங்க இருக்குது, யாரு கையில இருக்குது, அதச் சொல்லுங்க. இல்லீன்னா நான் மூட்டையக் கட்டறேன்."

"கட்டுங்க. நானும் வர்றேன்."

இருவரும் ஆற்றோரமாகவே நடந்தார்கள். மலைச்சரிவு முடிந்து தரை தொடங்கும் இடத்தில் பெரும்பாறைகள் குவிந்து கிடந்தன. ஒன்றில் ஒரு குழி தெரிந்தது. சீரங்கர் ஓடிப்போய் அதற்குள் கையை விட்டார். அவர் நிலத்துப் பாறையில் வீட்டார் சாமை குத்திய குழி அது. அழுகை வந்துவிட்டது அவருக்கு.

"இது எங்களுதுங்க சாமி! இத ஏன் இங்கயே போட்டுட்டுப் போச்சு?"

"சரிவு குறைஞ்சா ஆத்துக்குத் தெம்பு குறைஞ்சிடும். கனமானத முதல்ல இறக்கி வெச்சிடும்."

"அப்ப மண்ணு?"

"மண்ணு லேசு. நடங்க."

போகப் போகக் கற்கள் சிறுத்தன, முனை மழுங்கி உருண்டன. பிறகு கல்லே இல்லை, மணல்தான். வழியில் இடமும் வலமுமாகச் சிற்றாறுகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. சீரங்கர் மணலை அள்ளிப் பார்த்துவிட்டு உதறினார்.

"இதுல வேற மலையும் கலந்திருக்குது."

"கலக்காம எப்படி இருக்கும்?" என்றார் குரு.

கடைசியில் சமவெளி வந்தது. ஆறு பல கிளையாகப் பிரிந்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உற்றுப் பார்க்கும்படி நகர்ந்தது. ஒரு வயலில் நெல் இடுப்பளவு நின்றது. களை பிடுங்கிக்கொண்டிருந்த செங்கமலம் என்ற பெண், துறவியைக் கண்டு வரப்புக்கு ஏறி வந்தாள்.

"பயிரு நல்லா இருக்கே, தாயே" என்றார் குரு.

"போன வருஷத்து வெள்ளம் வண்டலைப் போட்டுட்டுப் போச்சு, சாமி. எருவே போடலை."

சீரங்கர் குனிந்து ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்தார். மாவு மாதிரி வழுக்கியது. கறுப்புக்கு நடுவே இழையாக அவர் மலைச் செம்மண். அவ்வளவுதான், குரல் ஏறிவிட்டது.

"இது என் மண்ணு! என் பாட்டன் பூட்டன் கொத்துன மண்ணு. நீ நோகாம பயிரு வெச்சிருக்கறே!"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"மலையிலேருந்தா வர்றீங்க?"

"ஆமா. அந்த மழையில போன நெலம் இது."

அவள் போய் மண்வெட்டியும் கூடையும் கொண்டுவந்தாள்.

"உங்களுதுன்னா எடுத்துக்குங்க, அண்ணே. அடுத்தவங்களுது எனக்கு வேணாம்."

சீரங்கர் உண்மையிலேயே வெட்டினார். பாவம், மனிதர் கூச்சப்படக்கூட இல்லை. கூடை நிறைந்தது. தனியாகத் தூக்க முடியவில்லை. தூக்கிவிட அவளே ஒரு பக்கம் பிடித்தாள். பிடித்தபடி கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மண்ணு உங்க மலையிலேருந்து வந்துச்சுன்னா, அந்தத் தண்ணியும் அங்கேருந்துதானே வந்திருக்கும்? அன்னைக்கு இங்க ஒரு சொட்டு மழை இல்லை. நல்ல வெயிலு. மாட்டை அவிழ்த்துவிடப் போனான் என் மவன். அந்தத் தண்ணிதான் அவனைக் கொண்டுபோச்சு."

சீரங்கர் கூடையிலிருந்து கையை எடுத்தார்.

"சண்டைக்குக் கேக்கலை அண்ணே. வெயில்ல எப்படி வெள்ளம் வரும்னு நானும் எல்லாரையும் கேட்டுட்டேன். மேலேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை. நீங்க வந்திருக்கீங்க. அதான் கேக்கறேன்."

சீரங்கர் குருவைப் பார்த்தார்.

"சாமி, நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"அங்க பெஞ்ச மழையைச் சொல்லுங்க, சீரங்கரே. இவங்க வெள்ளத்தை மட்டும்தானே பார்த்திருக்காங்க."