உள்தாழ்ப்பாள்

அந்த மனநல ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டு குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. "யாராவது உள்ள போய்ப் போட்டுக்கிட்டா எப்படிங்கய்யா காப்பாத்துறது? கழட்டிடுங்க" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள், துப்புரவு வேலை பார்க்கும் அமலோற்பவம்.

கண்காணிப்பாளர் வைகுந்தம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே. என்ன ஆபத்துன்னு காட்டு, கழட்டுறேன். ஆனா ஒருத்தருக்கும் கீறல் விழக்கூடாது."

"சரிங்கய்யா."

மறுநாள் காலை அவர் வார்டுக்கு வந்தபோது குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நர்ஸ் தட்டினாள், பதில் இல்லை. நோயாளிகள் முற்றத்தில் சிதறியிருந்தார்கள், உள்ளே யார் என்றே தெரியவில்லை. வைகுந்தம் உள்ளங்கை சிவக்கக் கதவில் அடித்தார். கடப்பாரை தேடி ஆள் ஓடினான். பதினோரு நிமிஷம் ஆனது. கதவு பிளந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கவிழ்த்த வாளிமேல் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டா பதில் சொல்லமாட்டியா?" வைகுந்தம் கத்தினார்.

"பதில் சொல்றவங்களுக்காகவா கழட்டச் சொன்னேன், ஐயா?"