தட்டுக்கு வந்த ஐந்தாவது கல்

காங்கேயம் பக்கம் ஒரு கல் பட்டறை. நடத்தியவள் பேர் தெய்வாத்தாள். அவளுடைய தகரத் தட்டில் ஒரு காலத்தில் நாலு கற்கள் குடியிருந்தன. நாலும் அகேட் என்கிற ஒரே இனத்துக் கற்கள்தான். ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் திரும்பிப் பார்க்காது.

சிவப்புக்குச் சூதுபவளம் என்று பேர். மோதிரத்தில் போட்டால் தைரியம் வருமாம். உள்ளே பச்சைப் பச்சையாகப் படர்ந்திருந்தது பாசிக் கல், தோட்டம் செழிக்குமாம். வளையம் போட்டிருந்தது கண் கல், திருஷ்டி அண்டாதாம். கறுப்புக்கு ஓனிக்ஸ் என்று பேர். சனிக்கே அது பயப்படாதாம். யார் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். விற்கிறவர்கள் சொன்னார்கள், கற்கள் நம்பிவிட்டன.

ஒரு நாள் தட்டில் ஐந்தாவதாக ஒரு கல் வந்து விழுந்தது. சாம்பல் நிறம். மூஞ்சியில் களையே இல்லை.

“யாருப்பா நீ?” என்றது ஓனிக்ஸ்.

“அகேட்.”

“அது சரி, பேரு?”

“அதானுங்க பேரு.”

ஓனிக்ஸ் மற்ற மூன்றையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனது.

“பேரும் இல்ல, நெறமும் இல்ல. ஆத்துக் கூழாங்கல்லா இருக்கும். இல்லாட்டி பாட்டில் கண்ணாடி. நம்மள வேவு பாக்க வந்திருக்கான்.”

“யாரு அனுப்பியிருப்பா?” என்றது கண் கல்.

“அது தெரிஞ்சா நான் ஏன் சந்தேகப்படறேன்?”

“பாவம், பேசாமத்தான கெடக்குது,” என்றது சூதுபவளம்.

“பேசாமக் கெடக்கறவன நம்பவே கூடாது.”

சாம்பல் கல்லின் காதில் இது விழுந்துவிட்டது. “அண்ணா, நான் யாருக்கு என்ன பண்ணினேன்?” என்றது.

“பாத்தியா, பேசறான்!” என்றது ஓனிக்ஸ்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். கல்மேல் சந்தேகம் வந்தால் அறுத்துப் பார்ப்பார்கள். போலி என்று தெரிந்தால் வாசலில் கிடக்கும் ஜல்லிக் குவியலில் வீசுவார்கள். அங்கே போனது யார் வீட்டு அஸ்திவாரத்திலோ புதைந்துபோகும். அப்புறம் வெளிச்சம் என்பதே கிடையாது. அதை நினைத்துச் சாம்பல் கல் மற்ற நாலுக்கும் நடுவில் ஒண்டிக்கொள்ளப் பார்த்தது.

நாலும் சேர்ந்து அதைத் தட்டின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு விலகிக்கொண்டன. கல் அறுக்கும் நல்லப்பன் வந்தான். தனியாகக் கிடந்தது முதலில் கண்ணில் பட்டது.

“ஏனுங்க்கா, இது நல்ல கல்லாட்டந் தெரியலீங்களே?”

“அறுத்துப் பாத்தாப் போச்சு. இதுக்கென்ன ரோசனை?” என்றாள் தெய்வாத்தாள்.

சக்கரம் சுற்றியது. சாம்பல் கல் பல்லைக் கடித்துக்கொண்டது. ஓனிக்ஸுக்கு ஒரே குஷி.

இரண்டாகப் பிரிந்த கல்லைத் தெய்வாத்தாள் தண்ணீரில் கழுவினாள். சாம்பலுக்குள் சாம்பல். மெல்லிசாக ஒரு கோடு, தடிமனாக ஒன்று, மறுபடி மெல்லிசு, நடுவில் பால் மாதிரி வெள்ளை.

“சுத்தமான அகேட்டுப்பா. ஒரு சொட்டுச் சாயம் ஏறல.”

சாம்பல் கல்லுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லப்பன் மட்டும் தட்டை முறைத்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க்கா, இதுதான் சுத்தம்னா, அந்தக் கறுப்பு மட்டும் எப்படி அத்தன கறுப்பா இருக்குது?”

“அட, ஆமா. மிசினு ஓடிட்டுத்தான இருக்குது, அதையுங் கொண்டா.”

“ஐயையோ, நான் ஓனிக்ஸ்! என்னையா?” என்று ஓனிக்ஸ் அலறியது. மற்ற மூன்றும் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டன. அடுத்தது யாரோ என்ற பயம்.

அறுத்தார்கள். மேலே தோல் கனத்துக்குத்தான் கறுப்பு. உள்ளே சாம்பல். மெல்லிசு, தடிமன், மறுபடி மெல்லிசு, நடுவில் வெள்ளை. சாம்பல் கல்லின் பாதியைப் பக்கத்தில் வைத்ததும் கோட்டோடு கோடு சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒரே பாறையில் உடைந்தவை.

“கறுப்பேத்தறதுக்குச் சர்க்கரைப் பாகுல ஊறப்போட்டு, ஆசிட்டுல முக்கி எடுத்திருக்கானுங்க,” என்று சிரித்தாள் தெய்வாத்தாள். “கல்லு என்ன பண்ணும், பாவம். ரெண்டையுந் தட்டுலயே போடு. அகேட்டுன்னே சொல்லி விப்போம்.”

“அண்ணா, நாம ஒரே வீடுதான் போலிருக்கு,” என்றது சாம்பல் கல், ஆசையாக.

ஓனிக்ஸின் ஒரு பாதி, எதிரே கிடந்த தன் மறுபாதியின் சாம்பல் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது:

“யாருப்பா நீ?”