சங்கரலிங்கம் சுத்தம் செய்த கடல்

"மீன் வரலையே டாக்டரம்மா" என்றார் சங்கரலிங்கம்.

பவள ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஜெனோவா வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டிருந்தார்.

"நாப்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம் ஆச்சு. ஒரு குஞ்சு எட்டிப் பாக்கல."

டாக்டரம்மா ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்துக் கொட்டினார்.

வள்ளம் என்னுடையது. இவர்களை ஏற்றிக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதும் என் வேலை. நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் என் வேலைதானாம். அதுதான் எனக்குக் கஷ்டம்.

சங்கரலிங்கத்துக்கு அறுபது வயசு. டாக்டரம்மாவுக்கு முப்பத்து மூணு. ஆனாலும் அவர்தான் சிஷ்யர், தானாக வந்து ஒட்டிக்கொண்ட சிஷ்யர். ஏதோ ஒரு வானொலி நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிப்பதிவு பார்த்தவர். மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடலுக்கு வந்துவிட்டார்.

எங்களுக்குக் கீழே ரெண்டாள் ஆழத்தில் ஒரு பார் செத்துக் கிடந்தது. பவளப்பாறையை எங்கள் ஊரில் பார் என்போம். தண்ணீர்ச் சூடு தாங்காமல் வெளுத்துச் செத்த பார். அதன்மேல் டாக்டரம்மா நானூறு பவளக் கிளைகளை சிமெண்ட் பலகையில் கட்டி நட்டிருந்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம்தான்.

பவளத்துக்கு எமன் பாசி. பாசியை மேய ஓரா மீன் வேண்டும். அது இல்லாததால் நாங்களே முங்கி முங்கி பிரஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வள்ளம் இறங்காது. அதற்குள் மீன் வராவிட்டால் நானூறும் போச்சு.

மீனைக் கூப்பிடத்தான் சங்கரலிங்கம்.

உயிரோடு இருக்கிற பாருக்கு ஒரு சத்தம் உண்டு. அதைப் பதிவு செய்து, செத்த பாரில் ஒலிபெருக்கியை இறக்கிப் போட வேண்டும். இடம் தேடி அலைகிற குஞ்சுகள் ஊர் வந்துவிட்டது என்று நம்பி வந்து சேரும். டாக்டரம்மா இதைச் சொன்ன அன்றைக்கு, "கல்யாண வீட்டு ரேடியோ செட்டா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடல் தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எது வானம் எது தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வள்ளம் நிற்கிறதா போகிறதா என்று எனக்கே சந்தேகம்.

"நீங்க போடுற சத்தத்தை ஒரு தரம் கேக்கணும் அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா.

சங்கரலிங்கம் ஹெட்ஃபோனை நீட்டினார். டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கழற்றி என்னிடம் கொடுத்தார்.

ஓர் அலை மெதுவாக வந்து போனது. தூரத்தில் ஒரு மீன் 'கொர்' என்றது. பிறகு அமைதி. மறுபடியும் அலை. கேட்கக் கேட்க எனக்குக் கண் செருகியது.

"நல்லா இருக்கே" என்றேன்.

சங்கரலிங்கம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பதினாறு நாள் உக்காந்து செஞ்சது தம்பி. முதல்ல பிடிச்சதை நீ கேட்டிருக்கணும். எண்ணெயில கடுகு போட்ட மாதிரி ஒரே சடசடப்பு. மைக்தான் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன். அத்தனையையும் பொறுக்கி எடுத்துட்டேன். இப்ப பிசிறு இல்ல."

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

அந்தச் சடசடப்பு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கல்லிடுக்கில் கிடக்கிற பொடி இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. உயிருள்ள பாருக்கு மேலே நின்று, வள்ளத்தின் அடிப்பலகையில் காதை வைத்தால் கேட்கும். செத்த பாரில் கேட்காது.

அட மனுஷா, என்று வாயைத் திறந்தேன்.

டாக்டரம்மா உள்ளங்கையைக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

"இதே மாதிரி சுத்தம் பண்ணின குரல் வேற ஏதும் வச்சிருக்கீங்களா அண்ணாச்சி?"

சங்கரலிங்கம் தண்ணீரைப் பார்த்தார்.

"இருக்கு."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அமுக்கினார்.

"ஏங்க, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. மறந்துராதிய."

ஒரு பெண் குரல். வேறு ஒன்றும் இல்லை, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"யாரு?"

"உலகம்மா. என் வீட்டுக்காரி. போறதுக்கு முந்தின மாசம் அனுப்பினது."

"அடிக்கடி கேப்பீங்களோ?"

"தினமும் கேக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "குரல் வருது டாக்டரம்மா. அவ வரல."

டாக்டரம்மா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளே வைத்து உட்கார்ந்தார்.

"எங்க நின்னு பேசுறாங்க?"

அவர் திரும்பப் போட்டுக் கேட்டார். இன்னொரு தரம் போட்டுக் கேட்டார்.

"தெரியலையே."

"வீட்லயா? கடையிலயா? கோயில்லயா?"

"தெரியலம்மா."

"சுத்தம் பண்ணாதது இருக்கா?"

"இருக்கு. அதைக் கேக்கிறதில்ல. ஒரே இரைச்சல்."

"போடுங்க."

முதல் வார்த்தையையே குக்கர் விசில் முழுங்கிவிட்டது. காக்கா கத்தியது. வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ எருமை என்று திட்டினார்கள். ஒரு தட்டு விழுந்து உருண்டது. இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மா கொத்தமல்லி கேட்டது.

முடிந்தது. வள்ளம் தன்பாட்டுக்குத் திரும்பி, எங்கள் முகம் கரைப் பக்கமிருந்து கடல் பக்கம் வந்துவிட்டது. நான் திருப்பவில்லை.

"எங்க நிக்காங்க அண்ணாச்சி?"

"அடுப்படியில" என்றார். "சன்னல் தொறந்திருக்கு. காக்காய்க்குச் சோறு வச்சிட்டா. அது போதாதுன்னு கத்துது. குழாயை மூடாம வந்துட்டா பாருங்க, எப்பவும் இதேதான். ஈரக் கையில போனைப் பிடிச்சிருக்கா..."

அதற்குமேல் முடியவில்லை. அழுதார். நான் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அழுகை சட்டென்று நின்றது.

போனைப் பார்த்தார். ஒலிபெருக்கிக்குப் போகிற வயரைப் பார்த்தார்.

"ஐயோ" என்றார். "ஐயையோ டாக்டரம்மா. நான் கடலையும்..."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஃபிளாஸ்க்ல டீ மிச்சம் இருக்கா?"

மறுநாள் அவரே பழைய பதிவை எடுத்து வந்து மாற்றினார், கடுகு பொரிகிறதை அப்படியே.

ஒரு வாரம் போனது. ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் கிழக்கே மேகம் கூடியது. தண்ணீர் கலங்கி, முங்கினால் நீட்டின கை தெரியவில்லை. பிரஷ் போட வழியில்லை. கீழே பவளம் இருக்கிறதா பாசி மூடிவிட்டதா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சங்கரலிங்கம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கரைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

பதினாலாம் நாள் முதல் தூறல் விழுந்தது. இனிமேல் வர முடியாது, இதுதான் கடைசி என்று சொல்லித்தான் வள்ளத்தை இறக்கினேன்.

பாருக்கு மேலே வந்ததும் டாக்டரம்மா சொன்னார்:

"செட்டை நிறுத்துங்க அண்ணாச்சி."

"இன்னும் ஒண்ணும் வரலையே! நிறுத்தினா எப்படிம்மா?"

"நிறுத்துங்க. மைக்கை இறக்குங்க."

நிறுத்தினார். மைக்கைத் தண்ணீரில் இறக்கினார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குனிந்தார். தூறல் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. வள்ளம் ஆடியது.

"நிறுத்திட்டீங்கதானே?"

"நிறுத்திட்டேன்."

"என்ன கேக்குது?"

சங்கரலிங்கம் ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"சத்தம் தாங்கலம்மா!"