சிவப்புத் தொப்பி

பந்து வலைக்குள் கிடந்தது. ஜெசிந்தா அதை எடுத்து நடுக்குளத்துக்கு எறிந்தாள். கோல் விழுந்தால் பந்தை எடுத்துக் கொடுப்பதும் கோல்கீப்பரின் வேலைதான். அன்று அது பதினெட்டாவது முறை.

நீளமாக விசில் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. பதினெட்டுக்கு இரண்டு. கஜகஸ்தான் பெண்கள் கரையேறி வரிசையாகக் கைகொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெசிந்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பினாங்கில் ஐந்து நாடுகளின் பெண்கள் கிளப்புகள் ஆடும் வாட்டர் போலோ போட்டி அது. சென்னை அணிக்கு மூன்றாவது தோல்வி. மறுநாள் ஹங்கேரிக்காரிகளோடு கடைசி ஆட்டம்.

உடை மாற்றும் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. ஆட்டத்துக்கு முன் எல்லோருடைய நகத்தையும் நடுவர் பார்ப்பார், பிறாண்டிவிடக் கூடாது என்று. ஜெசிந்தா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என் நகத்தை எதுக்குப் பார்க்கிறாங்கன்னே தெரியலை. ஒருத்தியாவது கிட்ட வந்தாளா? அங்க இருந்தே போட்டுட்டுப் போறாளுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று அவள் கணவன் செய்தி அனுப்பியிருந்தான். 'இங்கே நல்ல மழை' என்று பதில் போட்டுவிட்டு, சிவப்புத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோல்கீப்பருக்கு மட்டும்தான் அந்த நிறம்.

பயிற்சிக் குளத்தின் ஓரத்தில் கலைமதி தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அணியின் கோச். ஜெசிந்தாவைவிட மூன்று வயது சின்னவள். இடது தோள் கெட்டுப்போய் ஆட்டத்தை விட்டவள். அணியில் எல்லோருக்கும் அவள் மேடம். அவளுக்கு ஜெசிந்தா மட்டும் அக்கா.

"மேடம், நாளைக்கு எனக்குப் பதிலா மகிழினியைக் கோல்ல நிறுத்துங்க."

"மகிழினி இதுவரைக்கும் ஒரு மேட்ச்சும் நின்னதில்லை."

"அதனாலதான் சொல்றேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பயம் இருக்காது."

"உங்களுக்கு?"

ஜெசிந்தா தொப்பியை அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பதினெட்டு தடவை கை தூக்கினேன். பதினெட்டும் உள்ள போச்சு. பத்தொன்பதாவது தடவை எதுக்குத் தூக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க, நிக்கிறேன். இல்லைன்னா இந்தத் தொப்பி இனி எனக்கு வேண்டாம். ஊருக்குப் போனா பார்சல் ஆபீஸ் வேலை இருக்கு, மகன் இருக்கான். போதும்."

கலைமதி பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த டிராக் பேண்டோடு தண்ணீரில் இறங்கினாள்.

"வாங்கக்கா. கோலுக்குப் போங்க."

"இப்பவா? காலு செத்துப்போச்சு மேடம்."

"அஞ்சு நிமிஷம்."

ஜெசிந்தா இறங்கினாள். அங்கே தரை காலுக்கு எட்டாது. இரண்டு காலும் உள்ளே சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், நின்றால் மூழ்க வேண்டியதுதான். பந்து வரும்போது அந்தக் கால்களாலேயே உடம்பை இடுப்புவரை மேலே தூக்க வேண்டும். ஒரு நொடிதான் நிற்கும். பிறகு உடம்பு மோவாய்வரை இறங்கிவிடும்.

கலைமதி ஐந்து மீட்டர் தள்ளி மிதந்தாள். வலது கையில் பந்தை உயர்த்தினாள். தோள் பின்னால் போயிற்று.

ஜெசிந்தா எழும்பினாள். பந்து வரவில்லை. விழுந்தாள்.

மறுபடி தோள் அசைந்தது. மறுபடி எழும்பினாள். கலைமதி கண்ணை மட்டும் இடது மூலைக்குத் திருப்பினாள். ஜெசிந்தா இடது பக்கம் பாய்ந்தாள். பிறகு வலது. பிறகு நடுவில். ஒரு முறை கலைமதி மூச்சை இழுத்ததற்கே எழும்பினாள்.

"போடுங்க மேடம், விளையாடாம."

கலைமதி பந்தை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தாள். மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. ஜெசிந்தா பாதிவரைதான் எழும்ப முடிந்தது. தண்ணீர் வாய்க்குள் போயிற்று. இருமினாள். நீந்திப் போய்க் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டத்தில் அப்படிப் பிடித்துத் தொங்கக் கூடாது.

மூச்சு அடங்கவே இல்லை.

"எத்தனை தடுத்தீங்க?" என்றாள் கலைமதி.

"வந்தாத்தானே தடுக்க?"

"அப்ப எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"நீங்க எறியப்போறீங்கன்னு நினைச்சேன்."

"எத்தனை தடவை?"

"யார் எண்ணினா? எல்லாத் தடவையும்."

பக்கத்துக் குளத்தில் வேறு ஏதோ இரண்டு நாடுகளின் ஆட்டம் தொடங்கியிருந்தது. விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டன. ஜெசிந்தா கம்பத்தில் நெற்றியைச் சாய்த்தாள்.

"மேடம், கஜகஸ்தானே பதினெட்டு போட்டாங்க. இவங்க ஹங்கேரி. இருபது விழும், இருபத்தஞ்சுகூட விழும். மேட்ச் முடிஞ்சதுலேர்ந்து அந்த இருபத்தஞ்சும் ஒண்ணொண்ணா என் கண்ணு முன்னாடி வருது. அத்தனையையும் என்னால தாங்க முடியாது."

கலைமதி கையிலிருந்த பந்தைப் பார்த்தாள்.

"நான் இந்த ஒண்ணையே இன்னும் எறியலைக்கா."

ஜெசிந்தா கலைமதியின் கையில் இருந்த பந்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கம்பத்திலிருந்து கையை எடுத்து, கோலின் நடுவுக்கு நீந்தினாள்.