பொட்டு வைத்த பெல்ட்டுகள்

எங்கள் திலகவதி அம்மாவுக்குக் கோபம் வந்து ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தினமும் வரும். நான் தியானக் கூடத்தில் சமையல்காரி. அடுப்படியில் வேகிறவளுக்கு யாரும் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

கூடம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ராணிப்பேட்டைக்கு வெளியே, ஏரிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். செங்கல்வராயனுக்கு அறுபத்தொன்று. தொழிற்சாலைகளுக்கு இரும்புக் கூரை போட்டுக் கொடுக்கும் கம்பெனி முதலாளி. ஞாயிறு தவறாமல் வருகிறவர், அன்று செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அம்மாவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார்.

"அம்மா, நல்ல மனசோட ஒருத்தருக்கு ஒரு பொருளைக் கொடுக்கிறோம். அதனால அவருக்குக் கெட்டது நடந்தா, அந்தப் பாவம் நமக்கு வருமா?"

"என்ன கொடுத்தீங்க?"

"பெல்ட்டும்மா."

உயரத்தில் வேலை செய்கிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொண்டு, கொக்கியைக் கம்பியில் போடுவார்களே, அந்த பெல்ட். கம்பெனியில் பன்னிரண்டு பெல்ட் வெயிலிலும் மழையிலும் கிடந்து உழைத்து ஓய்ந்துவிட்டன. இனி ஆகாது என்று சேஃப்டி ஆபீசர் தணிகாசலம் ஒதுக்கி வைத்து, துண்டு துண்டாக வெட்டப் போயிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து ஆயுத பூஜை. கிரேன், வெல்டிங் மெஷின், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் பெல்ட்டுகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று.

"சாமி கும்பிட்ட பொருளை வெட்டுறியேய்யா, கம்பெனி உருப்படுமான்னு சத்தம் போட்டேம்மா."

"அப்புறம்?"

"வீணாப் போறதுக்கு ஏழைங்களுக்காவது ஆகட்டும்னு, பின்னாடி தெருவுல பெயிண்டருங்களுக்குக் கொடுத்தேன். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பொரி, சுண்டல் வச்சு, மரியாதையாத்தான் கொடுத்தேன்."

ஆகா, என்ன மரியாதை!

போன வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் என்கிற பெயிண்டர் மூன்றாவது மாடிச் சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டு பட்டி பார்த்திருக்கிறார். பெல்ட்டின் தையல் விட்டு, கீழே விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. மறுபடி நடப்பாரா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேம்மா. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். 'நீங்க நல்ல பெல்ட்டுதான் கொடுத்தீங்க முதலாளி, நான்தான் சரியா மாட்டல போல'ன்னு சொல்றார்."

கும்பிட்டாராம்!

செங்கல்வராயன் பையிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தார். "அந்தப் பன்னிரண்டுல இது ஒண்ணு. அவர் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். உங்க காலடியில வச்சு மன்னிப்பு கேக்கலாம்னு."

"காலடியில வேணாம். மாட்டிக்குங்க."

"அம்மா?"

"நம்ம தண்ணித் தொட்டியில பாசி பிடிச்சிருக்கு. இதை மாட்டிக்கிட்டு மேல ஏறிக் கழுவிட்டு வாங்க."

தொட்டி கூடத்துக்குப் பின்னால் நாலு இரும்புக் கால்மேல் முப்பதடி உயரத்தில் நிற்கிறது. அவர் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தார்.

"இது பழசும்மா."

"பழசுன்னா?"

"நாடா இத்துப் போயிருக்கும். பார்த்தா தெரியாது. ஆள் விழுந்தா தாங்காது."

"அது உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"என் தொழிலே இதுதானேம்மா."

"ஏகாம்பரத்துக்குத் தெரியுமா?"

அம்மா எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மிச்சம் பத்து பெல்ட் எங்க?"

"யார் யாருக்குக் கொடுத்தேன்னு சரியா ஞாபகம் இல்ல..."

"மணி பத்தாகுது. இந்நேரம் பத்துப் பேரும் எந்தச் சுவத்துல தொங்குறாங்களோ! நீங்க இங்க வந்து பாவம் யாருக்குன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

"பரிகாரம் ஏதாவது சொன்னீங்கன்னா..."

"எந்திரிய்யா!"

அம்மா யாரையும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. செங்கல்வராயன் தடுமாறி எழுந்தார்.

"இதை வெட்டிப் போட்டுட்டுப் போங்க."

நான் உள்ளே ஓடி அருவாமனையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சம் பலமாகவே வைத்தேன். பெல்ட்டில் குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொட்டு இருக்கேம்மா."

"பொட்டு வச்சா நாடா கெட்டியாயிடுமா?"

வெட்டினார். இரண்டு முழத் துண்டாக இரண்டு வந்தது.

"இன்னும் சின்னதா. முடிச்சுப் போட்டு எவனும் இடுப்புல கட்டிக்கிற நீளம் இருக்கக்கூடாது. கொக்கியைத் தனியா எடுங்க. அது உருக்குற இடத்துக்கு நேராப் போகணும். பழைய இரும்புக் கடையில போட்டா, இன்னொரு இத்துப்போன நாடாவுல ஏறிடும்."

அருவாமனை மொன்னையாகிப் போனது. போகட்டும்.

செங்கல்வராயன் அன்றே போய்த் தணிகாசலத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம். அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து தெருத் தெருவாக அலைந்திருக்கிறார். வாலாஜா, ஆற்காடு, சோளிங்கர். ஒருவர் மச்சானுக்குக் கொடுத்திருந்தார். ஒருவர் நாலாவது மாடியில் தொங்கிக்கொண்டே, "பூஜை பண்ணிக் கொடுத்ததுங்க, ராசியான பெல்ட்டு, தர மாட்டேன்" என்று மேலிருந்தே கத்தினாராம். இவர் கீழே நின்று கும்பிட்டு இறங்க வைத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் புது பெல்ட்டை மாட்டிவிட்டு, பழையதை அவர்கள் கண்ணெதிரிலேயே வெட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெயிலில் கறுத்து, இளைத்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. துண்டுகள் நிறைந்த சாக்கை வாசலில் இறக்கினார்.

"ஒன்பது கிடைச்சிடுச்சும்மா."

"பத்தாவது?"

"தாமோதரன்னு ஒருத்தர். மேஸ்திரி கூட பெங்களூர் பக்கம் வேலைக்குப் போயிட்டாராம். எந்த இடம்னு தெருவுல யாருக்கும் தெரியல. போன் ஸ்விட்ச் ஆஃப். என்னால ஆனது எல்லாம் பண்ணிட்டேம்மா."

கூடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பாவம், மனுஷன் இவ்வளவு அலைந்தாரே என்று எனக்கே தோன்றியது.

அவர் உள்ளே வந்து பாயை விரித்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார்.

"தாமோதரன் இன்னும் மேலதான் இருக்கார்," என்றார் அம்மா. "நீங்க எப்படி உக்காருவீங்க?"